எல்லைச் சாவடியில் நின்றுபோகும் புத்தகம்: குமுளி மலையும் வாசிப்பின் வரலாறும்

தமிழில் 'படித்தல்' என்னும் ஒரே வினைச்சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தேர்வுக்காகப் பாடத்தை உருப்போடுவதும் படித்தல்தான். கதையொன்றில் மூழ்கி உணவை மறந்திருப்பதும் படித்தல்தான். மலையாளத்தில் முன்னது 'படிக்குக', பின்னது 'வாயிக்குக'. தமிழுக்கும் 'வாசித்தல்' என்ற சொல் உண்டு. வீணையையும் குழலையும் இசைப்பதைக் குறிக்கும் அதே சொல்லே நூலுக்கும் வழங்குகிறது. ஆயினும் வீட்டுப் பேச்சில் 'பிள்ளை படிக்கிறான்' என்றால் அவன் கையில் பாடப்புத்தகம் இருக்கிறது என்றே பொருள். கதை நூல் இருந்தால் 'படிக்காமல் கதைப் புத்தகம் பார்த்துக்கொண்டிருக்கிறான்' என்பது வழக்கு.

இவ்விரு மொழிகளும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர் குமுளி. இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு வட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து லோயர் கேம்ப் வழியாக ஏறிவரும் மலைச்சாலையின் தலைப்பில் அது அமைந்துள்ளது. ஒரு பக்கம் பெரியாறு புலிகள் காப்பகமும் தேக்கடி நீர்ப்பரப்பும். மறுபக்கம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டம். மேற்கே வண்டிப்பெரியாறு நோக்கித் தேயிலைத் தோட்டங்கள். வடக்கே வண்டன்மேடு நோக்கி ஏலத்தோட்டங்கள். கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு நாள்தோறும் ஜீப்புகளில் ஏறிவரும் பெண்கள் இவ்வெல்லையைக் கடப்பது இயல்பான காட்சி. தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் நிலம் இது.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வாசிப்பின் இன்பத்தை இழந்துவிட்டனர், அதை மீட்டுத் தரவேண்டும் என்ற பேச்சு இன்று எல்லா இடங்களிலும் எழுகிறது. கைபேசியின் மீதும் தேர்வின் மீதும் பழி விழுகிறது. இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் குமுளி போன்ற எல்லை நிலத்தில் நின்று நோக்கினால், சிக்கலின் வேர் கைபேசிக்கு முந்தியது என்பது புலப்படும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட தமிழ்க் குழந்தையை நூலுடன் சேர்த்துவைக்கும் பொறுப்பை எந்தச் சட்டமும் எந்த இயக்கமும் முழுமையாக ஏற்கவில்லை என்பதே இவ்வரலாறு காட்டும் செய்தி.

1. இரண்டு நூலக மரபுகள்

தென்னிந்தியாவின் இரு பெரும் நூலக மரபுகள் இம்மலையின் இரு சரிவுகளிலும் வளர்ந்தவை.

கிழக்குச் சரிவின் மரபுக்கு எஸ்.ஆர். இரங்கநாதன் பெயர் உரியது. 1892இல் சீர்காழியில் பிறந்த அவர் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்று, இலண்டனில் நூலகக் கல்வி பெற்றுத் திரும்பினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1931இல் வெளிவந்த அவரது நூல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்தது. நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு. வாசகரின் நேரம் வீணாகலாகாது. நூலகம் வளரும் உயிரி. இவை எளிய கூற்றுகளாகத் தோன்றலாம். ஆனால் நூலைக் கண்ணாடிக் கதவுக்குப் பின் பூட்டிக் காப்பதே நூலகரின் கடமை என்று கருதப்பட்ட காலத்தில், முதல் விதியே ஒரு கலகம். அதே 1931ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பகுதியில் எஸ்.வி. கனகசபை பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஒன்று ஊர் ஊராகப் புறப்பட்டது. வாசகர் நூலைத் தேடி வர இயலாத இடத்துக்கு நூலே போகவேண்டும் என்ற எண்ணம் அதில் செயலாயிற்று. தி.சு. அவிநாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுவே. சொத்துவரியோடு நூலக வரி வசூலித்து, மாவட்டந்தோறும் ஆணைக்குழு அமைத்து, கிளை நூலகங்களை நடத்தும் அரசு முறை அதிலிருந்து வளர்ந்தது.

மேற்குச் சரிவின் மரபு வேறு வகையானது. அங்கும் ஓர் ஆசிரியரே முன்னின்றார். நீலம்பேரூரில் 1909இல் பிறந்த பி.என். பணிக்கர் 1945இல் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கினார். மாநிலம் உருவானபின் அது கேரள கிரந்தசாலை சங்கமாயிற்று. 'வாசித்து வளர்க' என்பது அதன் முழக்கம். ஊராரே இடம் தந்து, உறுப்பினர் கட்டணம் செலுத்தி, தங்களுக்குள் குழுவைத் தேர்ந்தெடுத்து நடத்தும் நூலகங்கள் அவை. அரசு மானியம் பின்னால் வந்து சேர்ந்தது. 1975இல் யுனெஸ்கோவின் குருப்ஸ்கயா விருது அச்சங்கத்துக்குக் கிடைத்தது. 1989இல் கேரளப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டு, அதன்வழி மாநில நூலகக் கவுன்சில் அமைந்தது. பணிக்கர் 1995 ஜூன் 19 அன்று மறைந்தார். 1996 முதல் அந்த நாள் கேரளப் பள்ளிகளில் வாசிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

ஒன்று அரசு நடத்துவது. மற்றது ஊர் நடத்துவது. இரண்டும் பெருமைக்குரியவை. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவேண்டிய குமுளியில், தமிழ் பேசும் மாணவர் இரண்டின் விளிம்பிலும் நிற்கிறார். தமிழ்நாட்டு நூலகச் சட்டத்தின் வரியும் நூல் கொள்முதலும் மாநில எல்லையோடு முடிகின்றன. கேரளத்தின் ஊர் நூலகத்தில் நூல் தேர்வு உறுப்பினர் குழுவின் கையில் உள்ளது. உறுப்பினர் பெரும்பாலும் மலையாளம் வாசிப்போராக இருக்கும்போது அலமாரியும் அம்மொழியால் நிரம்புவது இயல்பே. இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. இரு நல்ல ஏற்பாடுகளுக்கு இடையே விழுந்த வெற்றிடம் இது.

2. பன்னிரண்டு வயதோடு முடியும் பொறுப்பு

இவ்வெற்றிடத்துக்குச் சட்ட வடிவமும் உண்டு. பீர்மேட்டில் காபியும் பின்னர்த் தேயிலையும் பயிரான பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து, கங்காணிகள் வழியாகத் தமிழ் மாவட்டங்களின் உழைப்பாளர்கள் மலையேறினர். அவர்கள் குடியிருந்த லயங்களில் கல்வி என்பது தோட்ட நிருவாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தே இருந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அந்நிலையை மாற்ற முயன்றது. ஒரு தோட்டத்தில் 6 முதல் 12 வயது வரையுள்ள தொழிலாளர் குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், அவர்களுக்குக் கல்வி வசதி செய்து தருமாறு முதலாளியைக் கட்டாயப்படுத்தும் விதிகளை மாநில அரசு வகுக்கலாம் என்றது அச்சட்டம். பெரும் முன்னேற்றம்தான். ஆனால் எல்லை 12 வயது.

ஐந்தாண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டுமெனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியிருந்தது. அவ்வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. மொழிச் சிறுபான்மையினரின் அச்சத்தைப் போக்கும் பொருட்டு, அதே ஆண்டு ஏழாவது திருத்தத்தின்வழி அரசியலமைப்பில் 350ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்பது அதன் கருத்து. இங்கும் எல்லை 'தொடக்கநிலை'.

தொழிலாளர் சட்டம், அரசியலமைப்பு என்ற இரு காவல்களும் குழந்தையை ஏறத்தாழ ஒரே இடத்தில் இறக்கிவிடுவதை நோக்கலாம். இடுக்கியில் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளிகள் இல்லாமலில்லை. அவை போராடியும் வேண்டியும் பெறப்பட்டவை. ஆனால் பள்ளி வேறு, வாசிப்பு வேறு. எட்டாம் வகுப்பில் நுழையும் மாணவரின் அறிவும் உணர்வும் விரியும் அதே பருவத்தில், பாடப்புத்தகத்துக்கு வெளியே அவரது தாய்மொழியில் ஒரு நூலை நீட்டும் கடமை எங்கும் எழுதப்படவில்லை. அவருடைய நாளோ தமிழ், மலையாளம், ஆங்கிலம், இந்தி எனப் பல எழுத்து வடிவங்களுக்கிடையே பகிரப்படுகிறது. பல மொழிகளில் எழுத்துக்கூட்டத் தெரிந்தும், ஒரு மொழியிலும் தங்குதடையின்றி ஒரு நாவலை முடித்த அனுபவம் இல்லாதவராக அவர் பத்தாம் வகுப்பை அடையக்கூடும். எழுத்துக்கூட்டும் உழைப்பு குறைந்து கதை தானாக ஓடத் தொடங்கும் அந்தக் கட்டத்தைக் கடக்காதவருக்கு, வாசிப்பு இன்பம் தரும் என்ற கூற்று வெறும் அறிவுரையாகவே நிற்கும். 'மீட்டல்' என்ற சொல் அவருக்குப் பொருந்தாது. அவர் எதையும் இழக்கவில்லை. அது அவருக்கு இன்னும் கிடைக்கவேயில்லை.

3. காதால் வாசித்த காலம்

எழுத்தறிவு குறைந்திருந்த லயங்களில் கதையின் இன்பம் இல்லாதிருந்தது என்று முடிவுகட்டுவது பிழை. தமிழ்ச் சமூகத்தில் வாசிப்பு நெடுங்காலம் கூட்டுச் செயலாக இருந்தது. எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பதே வழக்கம். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை முதலிய பெரிய எழுத்துப் புத்தகங்கள் திருவிழாச் சந்தைகளில் விற்றது இத்தகைய வாசிப்புக்காகவே. எழுத்து பெரிதாக இருந்தது, மங்கிய விளக்கொளியிலும் அதிகம் பழகாத கண்ணுக்கும் எட்டுவதற்காக. பாரதம் படிக்கும் மரபும், தேநீர்க் கடையில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்கப் பலர் கேட்கும் வழக்கமும் இதன் கிளைகள். வாய்விட்டு வாசிப்பதிலிருந்து மௌன வாசிப்புக்குத் தமிழர் நகர்ந்த வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். நாவல் என்ற வடிவமும் நடுத்தர வகுப்பின் தனியறையும் மௌன வாசிப்பை வளர்த்தன. லயத்தின் ஒற்றையறை வாழ்வில் அதற்கு இடமில்லை. அங்கே வாசிப்பு என்பது கூட்டத்தில் நிகழ்வதாகவே இருக்க முடியும்.

குமுளிக்கு மேலுள்ள மலையுச்சியில் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலும் இதையே நினைவூட்டுகிறது. பெரியாறு காப்பகக் காட்டுக்குள், இரு மாநில எல்லையில் அமைந்த அக்கோயிலைச் சிலப்பதிகாரம் குறிக்கும் கண்ணகிக் கோட்டமாக 1960களில் சி. கோவிந்தராசனார் அடையாளம் கண்டார். அக்காப்பியம் தன் பிறப்பைப் பற்றித் தானே ஒரு கதை சொல்கிறது. மலையில் வாழ்ந்த குறவர்கள் தாம் கண்ட வியப்பை வந்து உரைக்கின்றனர். சாத்தனார் அதன் முன்கதையைக் கூறுகிறார். இளங்கோ அதைக் காப்பியமாக்குகிறார். வஞ்சிக் காண்டத்தில் செங்குட்டுவன் பேரியாற்றங்கரையில் தங்கியிருக்கும்போதும் மலைவாழ் மக்களே அச்செய்தியை அவனிடம் கொண்டுவருகின்றனர். எழுத்தில்லாத மக்கள் சொன்ன கதை, கேட்டவரின் உள்ளத்தில் எழுத்தானது. கேட்டலே வாசிப்பின் முதற்படி என்பதற்கு இம்மலையின் காப்பியத்தைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

4. இடமலைக்குடியின் 160 நூல்கள்

இதே மாவட்டத்தின் வடக்கே, மூணாறுக்கும் அப்பால் காட்டுக்குள் இருப்பது இடமலைக்குடி. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக உருவான அது முதுவர்களின் வாழிடம். முதுவர்களின் பேச்சு தமிழோடு நெருங்கியது. தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களின் மரபுக் கதை. தொடக்கப் பள்ளிக்குப் பிறகு கல்வியைத் தொடர விரும்பும் பிள்ளைகள் மலையிறங்கி விடுதிகளில் தங்கவேண்டியிருந்த ஊர் அது.

அங்கே 2010இல் பி.வி. சின்னத்தம்பி என்னும் முதியவர், தாம் நடத்திவந்த சிறு தேநீர்க் கடையில் ஒரு நூலகம் தொடங்கினார். அவ்வூர்க் குழந்தைகளுக்குக் கற்பித்துவந்த ஆசிரியர் பி.கே. முரளீதரன் அதற்குத் துணைநின்றார். இருந்தவை 160 நூல்கள். நூல்களை வைத்திருந்தது சணல் சாக்குகளில். சேர்க்கைக் கட்டணம் 25 ரூபாய்; மாதம் 2 ரூபாய். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதிய கட்டுரையால் வெளியுலகம் இதை அறிந்தது. 2013ஆம் ஆண்டில் மட்டும் 37 முறை நூல்கள் இரவல் போயிருந்ததைச் சின்னத்தம்பியின் பேரேடு காட்டியது. மொத்த இருப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு! அங்கிருந்தவை பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர், கமலா தாஸ் போன்றோரின் படைப்புகள். சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் அவற்றில் ஒன்று. மதுரையிலிருந்து வந்ததாகக் கூறும் மக்கள், மதுரை எரிந்த கதையை மலையாளத்தில் வாசித்தனர்.

இந்நூலகம் மாணவருக்காகத் தொடங்கப்பட்டதன்று. ஆயினும் மாணவர் வாசிப்பைப் பற்றி எண்ணுவோருக்கு இதில் மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, நூல்கள் குறைவாக இருந்தாலும் அவை கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. மக்கள் வழக்கமாகக் கூடும் தேநீர்க் கடையே நூலகம். இரண்டாவது, வாசித்தவரிடம் யாரும் வினாத்தாள் நீட்டவில்லை. மூன்றாவது, 'இவர்களுக்கு இது போதும்' என்ற தாழ்மதிப்பு நூல் தேர்வில் இல்லை. எளிய மக்களுக்கு எளிய நூல் என்ற எண்ணம் அங்கே செல்லவில்லை. இலக்கியமே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

5. பூட்டிய அலமாரியும் வாசிப்புப் போட்டியும்

பள்ளி நூலகங்களில் இம்மூன்றும் பெரும்பாலும் தலைகீழாக உள்ளன. நூல்கள் தலைமையாசிரியர் அறையின் அலமாரியில் இருக்கும். ஒரு நூல் தொலைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்லவேண்டும் என்ற அச்சம் சாவியை அவர் பையிலேயே வைத்திருக்கச் செய்யும். இருப்பேட்டில் எண்ணிக்கை சரியாக இருப்பதே நல்ல நூலகத்தின் அடையாளமாகிவிடும். இரங்கநாதன் 1931இல் எதிர்த்த அதே மனநிலை இது. கிழிந்து அழுக்கேறிய நூலே தன் கடமையைச் செய்த நூல் என்பதை ஏற்கும் தணிக்கை முறை வந்தாலன்றி அலமாரி திறவாது.

வாசிப்பைப் போட்டியாக்குவது மற்றொரு வழக்கம். கேரள மாநில நூலகக் கவுன்சில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வாசிப்புப் போட்டி நடத்திவருகிறது. குறித்த நூல்களை வாசித்துவந்து அவற்றிலிருந்து எழும் வினாக்களுக்கு விடையளிக்கவேண்டும். ஊர் நூலகத்தின் படியேறாத பலரை ஏறச்செய்தது அதன் நன்மை, அதை மறுக்கவியலாது. ஆனால் போட்டி, ஏற்கெனவே வாசிப்பவரையே மேலும் வாசிக்கத் தூண்டுகிறது. எழுத்துக்கூட்டும் நிலையிலேயே நிற்பவருக்கு அது இன்னுமொரு தேர்வு. 'வாசித்தல்' மீண்டும் 'படித்தல்' ஆகிவிடுகிறது. வாசிப்பு நாள் விழாக்களுக்கும் இது பொருந்தும். மங்கலதேவி கோயில் ஆண்டுக்கு ஒருமுறை சித்திரா பௌர்ணமி அன்று மட்டும் பக்தர்களுக்குத் திறக்கப்படுகிறது. காட்டுயிர்க் காப்பகத்துக்குள் அது தேவையான கட்டுப்பாடு. பள்ளி அலமாரிக்கு அத்தகைய கட்டுப்பாடு தேவையில்லை. ஆயினும் ஜூன் 19க்குப் பிறகு பல அலமாரிகள் அவ்வாறே மூடிக்கொள்கின்றன.

மறுபுறம், தமிழ் மாணவர் தாமாக விரும்பி வாசித்த காலமும் இருந்தது. 1947இல் வந்த 'அம்புலிமாமா', 1950இல் தொடங்கிய 'கண்ணன்', 1972இல் பிறந்த 'கோகுலம்' ஆகிய இதழ்களும், அதே 1972இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸும் பல தலைமுறைகளுக்கு வாசிப்பைப் பழக்கின. சிற்றூர்களின் வாடகை நூல் நிலையங்கள் சில காசுகளுக்கு அவற்றை இரவல் தந்தன. பாடப்புத்தகத்தின் நடுவே ஒளித்துவைத்துப் படிக்கப்பட்டவை அவை. ஆசிரியர் கண்டால் பறிமுதல் செய்வார். பறிமுதலுக்கு அஞ்சியும் படித்தனர் என்பதே அவற்றின் ஈர்ப்புக்குச் சான்று. பள்ளி தன் நூலகத்தில் வைக்க மறுத்த நூல்களே அக்காலத்தில் பள்ளி விரும்பிய வாசகரை உருவாக்கின. வாசகரே நூலைத் தேர்ந்தார் என்பதும், தேர்வில் அது வராது என்பதும், நண்பர்களுக்குள் கைமாறியது என்பதும் அந்த ஈர்ப்பின் காரணங்கள்.

6. பத்து நிமிடங்கள்

உயர்நிலைப் பள்ளிப் பருவத்தில் வாசிப்பு மீள முடியுமா என்ற ஐயத்துக்கு வெளிநாட்டு அனுபவங்கள் விடை தருகின்றன. ஜப்பானின் சிபா மாநிலத்தில் ஃபுனபாஷி நகரின் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் 1988இல் ஹயாஷி ஹிரோஷி, ஓட்சுகா எமிகோ என்னும் இரு ஆசிரியர்கள் காலை வாசிப்பு முறையைத் தொடங்கினர். வகுப்புகள் தொடங்குமுன் பத்து நிமிடங்கள் மட்டும். அதற்கு நான்கே நெறிகள்: எல்லோரும் வாசிக்கவேண்டும், ஆசிரியர் உட்பட, நாள்தோறும் வாசிக்கவேண்டும், விரும்பிய நூலை வாசிக்கலாம், வாசித்தால் போதும். மதிப்புரையில்லை, வினாவில்லை, மதிப்பெண்ணில்லை. அம்முறை பின்னர் ஜப்பான் முழுவதும் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது.

பிரெஞ்சு எழுத்தாளரும் பள்ளி ஆசிரியருமான தனியேல் பென்னாக் 1992இல் எழுதிய நூலொன்று, வாசிப்பை வெறுத்த பதின்பருவ வகுப்பொன்றில் ஆசிரியர் செய்ததை விவரிக்கிறது. அவர் நூலை விளக்கவில்லை. நாவலை எடுத்து உரக்க வாசிக்கத் தொடங்கினார். ஆசிரியரின் வேகம் போதாமல் மாணவர்களே நூலைத் தேடி முடிக்கும் நிலை வந்தது. பாதியில் நிறுத்துவதும் பக்கங்களைத் தாண்டிச் செல்வதும் வாசிக்காமலே இருப்பதும்கூட வாசகரின் உரிமைகள் என்று அந்நூல் பட்டியலிடுகிறது. பாரிசுக்குப் புதிதாகத் தோன்றிய இம்முறை லயத்துத் திண்ணைக்குப் பழையது. பெரிய எழுத்துப் புத்தகத்தை ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டதும் இதுவேதான்.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கமும் இங்கே குறிப்பிடத்தக்கது. அதற்கென உருவாக்கிய சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாகப் பகுக்கப்பட்டன. பகுப்பு வகுப்பை ஒட்டியதன்று, வாசிக்கும் திறனை ஒட்டியது. ஒன்பதாம் வகுப்பில் இருந்தும் தடுமாறி வாசிக்கும் மாணவர், தன் வகுப்புக்குரிய நூலின்முன் நாணி நிற்பதைவிட 'நட' நூலொன்றை முடித்து அடுத்ததற்குச் செல்லலாம். ஒரு நூலை முழுதாக முடித்தேன் என்ற நிறைவு அவருக்குக் கிடைக்கும். லோயர் கேம்ப் வரை வரும் இச்சிறு நூல்கள் ஏழு கிலோமீட்டர் மலையேறி மறுபுறத்துத் தமிழ்வழிப் பள்ளிக்கும் செல்வதற்கு இரு மாநிலக் கல்வித் துறைகளின் உடன்பாடு ஒன்றே தேவை. முல்லைப்பெரியாற்று நீர் 1895 முதல் இம்மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே பாய்கிறது. மேற்கே ஒரு புத்தகக் கட்டு ஏறுவது அதைவிடக் கடினமான பொறியியல் அன்று.

7. செய்யத்தக்கவை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து குமுளி போன்ற எல்லைப் பள்ளிகளுக்குச் சில முடிவுகள் கிடைக்கின்றன.

ஒன்று, வகுப்பறையிலேயே திறந்த அலமாரி. நூறு நூல்கள் போதும். தமிழும் மலையாளமும் கலந்திருக்கட்டும். எந்த மொழியில் கதை ஓடுகிறதோ அந்த மொழியில் மாணவர் வாசிக்கட்டும். ஆண்டுதோறும் சில நூல்கள் தொலையும் என்பதை முன்னரே கணக்கில் ஏற்றிவிட்டால் பொறுப்பாசிரியரின் அச்சம் நீங்கும்.

இரண்டு, நாள்தோறும் பத்து நிமிட வாசிப்பு. வாரம் ஒருநாள் ஆசிரியர் உரக்க வாசிப்பு. தொலைவான தோட்டங்களிலிருந்து ஜீப்பிலும் பேருந்திலும் வரும் மாணவர் மாலையில் நூலகம் செல்லக் காத்திருக்க இயலாது. ஆகவே வாசிப்பு பள்ளி நேரத்துக்குள்ளேயே அமையவேண்டும். லயத்து வீட்டில் தனியறை இல்லாத மாணவருக்கு அமைதியான பத்து நிமிடம் தருவதற்குப் பள்ளியைத் தவிர வேறிடமில்லை.

மூன்று, மாணவரின் வாழ்வு இடம்பெறும் நூல்கள். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்ட நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என 2007இல் தமிழுக்கு வந்தது. பத்தாம் வகுப்பு மாணவர் அதில் காண்பது தம் பூட்டனார் ஏறிவந்த பாதையை ஒத்த பாதை. வகுப்பில் அதன் சில பகுதிகளை உரக்க வாசித்தால், வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்பதற்கு மாணவருக்குக் கேள்விகள் பிறக்கும்.

நான்கு, அக்கேள்விகளின் விடைகளை மாணவரே எழுதிவைத்தல். லயத்தில் யார் உரக்க வாசித்தார், எந்தக் கதை, எந்த விளக்கொளியில், கம்பத்துச் சந்தையிலிருந்து நூலை யார் வாங்கிவந்தார் என்பவை முதியோர் நினைவில் மட்டுமே உள்ள செய்திகள். ஒவ்வோர் ஆண்டும் அந்நினைவுகள் குறைந்துவருகின்றன. இவற்றைத் தொகுத்து ஒரு கையெழுத்து நூலாகக் கட்டி அதே திறந்த அலமாரியில் வைத்தால், அடுத்த ஆண்டு மாணவர் முதலில் கையிலெடுப்பது அந்த நூலாகவே இருக்கும். தோட்டத் தொழிலாளர் வரலாற்றை ஆராய்வோருக்கும் அது முதன்மைச் சான்றாகும்.

1951இன் சட்டமும் 1956இன் திருத்தமும் நிறுத்திய இடத்திலிருந்து, எட்டாம் வகுப்பின் வாசலிலிருந்து, இப்பணி தொடங்கவேண்டியுள்ளது. தேவைப்படுபவை ஒரு திறந்த அலமாரி, பத்து நிமிடங்கள், உரக்க வாசிக்கத் தயங்காத ஓர் ஆசிரியர். இடமலைக்குடியில் 160 நூல்களும் ஒரு தேநீர்க் கடையும் போதுமாயிருந்தன.